நட்சத்திர மென்பொருளும் ஹனீபா மாமாவும்

களைத்துப்போன மனிதன் எதையும் தெரிவுசெய்யக்கூடாது. சட்டைத்துணி, மாம்பழம், மாப்பிள்ளை, மென்பொருள், எதுவானாலும் நன்றாகத் தூங்கி எழுந்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுத்தான் அந்த வேலையில் இறங்கவேண்டும். இந்த உண்மையை நான் கண்டுபிடித்த நேரத்தில் என் தங்கையின் மாமனார் ஒரு புகைப்படத்திலிருந்து முழுதாக அழிந்துபோயிருந்தார்.

(அழித்தது நான்தான். கணினி அழித்தது என்று கொஞ்சக் காலம் சொல்லித் திரிந்தேன். இப்போது அப்படிச் சொல்லவும் தெம்பில்லை.)

அந்த நாளில் எனக்குக் கல்முனைக்குடியில் ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு தொலைபேசி, ஒரு போட்டோகொப்பி இயந்திரம், ஒரு கணினி, ஒரு பிரின்டர், காற்றைத் தவிர மற்றெல்லாச் சத்தமும் தரும் ஒரு மின்விசிறி. சுனாமிக்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கே நிவாரணப் படிவம் நிரப்பியே என் விரல் தேய்ந்தது. ஒரே மனிதர் ஒரே விபரத்தை ஐந்து இடங்களுக்கு எழுதவேண்டும். ஐந்து தரமும் அவர் அழுவார். ஐந்து தரமும் நான் "வீடு: முற்றாகச் சேதம்" என்று எழுதுவேன். படிவங்கள் ஓய்ந்தபோது யுத்தம் உச்சத்துக்குப் போனது. யுத்தமும் ஓய்ந்தபோது ஊரில் யாருக்கும் சந்தோசப்படக்கூட உடம்பில் தெம்பிருக்கவில்லை. காய்ச்சல் விட்டவனுக்கு வருமே ஒரு அசதி, அது. எதைக் கேட்டாலும் "மறுகாப் பாப்பம்" என்று பிறகுக்குத் தள்ளிவிடுவார்கள்.

அந்த அசதியில்தான் எனக்கு நட்சத்திரப் பைத்தியம் பிடித்தது.

சேதமடைந்த வீடுகளைப் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளருக்கு நான் மொழிபெயர்ப்பாளனாகப் போயிருந்தேன். (என் ஆங்கிலம் முழுக்கப் படிவத்தில் படித்தது. அதில் இல்லாததையெல்லாம் கையால் பேசினேன்.) அவர் ஊருக்குத் திரும்பும்போது தன் பழைய கெமராவையும் முக்காலியையும் என்னிடம் தந்து, "உங்கள் வானம் நல்ல இருட்டு, நட்சத்திரங்களைப் படம்பிடி" என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் வந்து வந்து போகும் ஊருக்கு இப்படியும் ஒரு மரியாதை உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

யுத்தம் நடக்கும்வரை இருட்டில் முக்காலியோடு வெளியே நிற்க எனக்கு விசர் பிடித்திருக்கவில்லை. முடிந்த மறு வருடம், பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டுக் கடற்கரையில் போய் முக்காலியை விரித்தேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார்.

"தம்பி, இனியும் எத்தின மீற்றர்?"

எனக்கு விளங்கவில்லை.

"கரையில இரிந்து இத்தின மீற்றருக்குள்ள வீடு கட்டக்கூடாதெண்டு போன முறையும் மூணு காலை வெச்சித்தான் அளந்தாங்க. எங்கட மதிலுக்கு வருமா, குசினிக்கு வருமா? அத மட்டும் சொல்லுங்க."

"நான் நட்சத்திரத்தைப் படமெடுக்க வந்தன் தாத்தா." (எங்கள் ஊரில் அக்காவைத்தான் தாத்தா என்போம்.)

அவர் மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதையும் எடுக்கப்போறாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அதன்பிறகு எங்கள் கூரையில் ஏறித்தான் படம் எடுத்தேன்.

படங்களைக் கணினியில் போட்டால் நட்சத்திரம் தெரிந்தது. அதோடு சேர்ந்து சிவப்பும் பச்சையுமாக, அரைத்த மிளகாய்த்தூளைக் கொட்டியதுபோல, படம் முழுக்கப் புள்ளிகள். இணையத்தில் தேடினேன். ஒரே வானத்தை ஒரே இடத்திலிருந்து வரிசையாக இருபது முப்பது படம் எடுக்கவேண்டும், ஒரு மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும், புள்ளியெல்லாம் மறைந்துபோகும் என்று எழுதியிருந்தார்கள். எந்த மென்பொருள் என்று கேட்ட இடத்தில் நாற்பது பேர் நாற்பது பதில் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். (நம்மட ஊர்ப் பள்ளிவாசல் கூட்டம் தோற்றுப்போகும்.)

கடைத் தொலைபேசிக் கம்பியில்தான் என் இணையமும் வந்தது. விடியச் சுபஹுக்குத் தொடங்கிய ஒரு மென்பொருள் பின்னேரம் அசருக்கு இறங்கி முடியும். நடுவே யாராவது வந்து, "மனே, கட்டாருக்கு ஒரு கோல் எடுத்துத் தா" என்றால் முடிந்தது கதை. திரும்பவும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். இப்படி மூன்று மென்பொருள்களை இறக்கி முடிக்க எனக்கு ஒரு மாதம் போனது.

முதலாவதற்குப் 'பெரியவர்' என்று பெயர் வைத்தேன். அவ்வளவு சட்டம் பேசும். நட்சத்திரப் படம் போதாது, கெமரா மூடியைப் போட்டுக்கொண்டு இருபது இருட்டுப் படம் கொண்டுவா என்றது. நானும் கூரையில் உட்கார்ந்து எடுத்தேன். என் வாப்பா ஓய்வுபெற்ற தபால்காரர், எதையும் திருப்பி ஒரு தரம் பார்ப்பவர். கீழேயிருந்து கவனித்துக்கொண்டே நின்றவர் பொறுக்கமுடியாமல் சொன்னார்: "மூடியக் கழட்டு மனே. அரை மணித்தியாலமா மூடியோடதான் எடுக்கிறாய்." விளக்கிச் சொன்னேன். "இருட்டை எடுக்கிறத்துக்கு ஒனக்கு வெளிநாட்டுக் கெமரா வேணுமா?" என்றார். பெரியவரை அன்றோடு மூடிவிட்டேன்.

இரண்டாவது கொஞ்சம் தாராளமானது. எல்லாப் படத்திலும் எங்கெங்கே வெளிச்சம் விழுந்ததோ அத்தனையையும் விடாமல் சேர்த்துக்கொள்ளும். நட்சத்திரம் நகர நகர எல்லா இடத்திலும் அதை வைத்துக்கொண்டதால் வானம் முழுவதும் கோடு கோடாகக் கீறல். கடைச் சுவரில் ஒரு படம் ஒட்டினேன். போட்டோகொப்பி எடுக்க வந்த ஒருவர், "பழைய சீடி ஒண்ட எதுக்கு ஒட்டி வெச்சிரிக்காய்?" என்று கேட்டார். அதையும் ஒதுக்கினேன்.

மூன்றாவதில் ஒரே ஒரு பெரிய பொத்தான். ஒரு இடத்தில் அநேகமான படங்களில் எது இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளும், நடுவே வந்துபோனதை எறிந்துவிடும். நட்சத்திரம் இருந்த இடத்தில் இருக்கும்படி தானே ஒழுங்கும் செய்தது. முதல் நாள் படத்தில் வானத்தின் குறுக்கே ஒரு ஹெலிகொப்டர் போயிருந்தது. பொத்தானை அழுத்தினேன், ஹெலிகொப்டரைக் காணோம். சின்ன வயதிலிருந்து எங்கள் தலைக்குமேல் உறுமித் திரிந்த சாமானை ஒரு அழுத்தில் இல்லாமலாக்கிவிட்டேன்! இது போதும், இனி ஒன்றும் தேடுவதில்லை என்று முடிவுசெய்தேன். நல்லதென்று தெரிவுசெய்யவில்லை. களைத்துப்போய்த் தெரிவுசெய்தேன்.

இந்த இடத்தில்தான் என் தங்கை றிஸ்மியாவின் கல்யாணம் வருகிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளை தன் பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். கரையில் இருந்த எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு, உள்பக்கம் ஒரு துண்டு நிலத்தில் வாப்பா ஆறு வருடமாகக் கல் கல்லாகக் கட்டியதும் றிஸ்மியாவுக்காகத்தான். மாப்பிள்ளை அஸ்மீர் கட்டாரில் வேலை, நல்ல பிள்ளை. அவருக்கு உம்மா இல்லை, சுனாமியில் மவுத்தாகிவிட்டார். இருப்பது வாப்பா மட்டும்: கரைவலை முதலாளி ஹனீபா மாமா.

ஹனீபா மாமாவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. இருபது பேர் வலையிழுக்கும் கரையில் இந்தக் கயிற்றுக்கும் அந்தக் கயிற்றுக்கும் ஓடி ஓடிக் கத்திப் பழகிய உடம்பு. தொழுகை முடிந்து துஆ ஓதும்போதுகூடப் பக்கத்தில் இருப்பவரின் தொப்பியைச் சரிசெய்துவிடுவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் என் கடைக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை. பிரின்டரைத் தொட்டுப் பார்த்தார், மின்விசிறிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"மனே, கடல் என்ட வீட்டுல ஒரு போட்டோவும் மிச்சம் வெக்கல்ல. இவன்ட உம்மாட முகம் கூட இப்ப என்ட நினைவுல மட்டும்தான் இரிக்கி. இவனும் ஒங்கட வீட்டுக்கு வந்திருவான், மறுகா கட்டாருக்குப் போயிருவான். நானும் மகனும் நிக்கிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துத் தா. வேற ஒண்டும் எனக்கு வேணா."

"மாமா, ஊர்ல இல்லாத போட்டோ ஒண்டு எடுத்துத் தாறன்" என்றேன்.

(வாக்குக் கொடுத்ததில் பிழையில்லை. ஊரில் இல்லாத போட்டோதான் கொடுத்தேன்.)

கல்யாணத்துக்கு வெளியிலிருந்து படமெடுக்க ஆள் வேண்டாம் என்று நானே வீட்டாரைத் தடுத்திருந்தேன். பிளெஷ் அடிப்பது கலைக்கு இழுக்கு என்று எங்கோ வாசித்ததால் பிளெஷும் கொண்டுபோகவில்லை. குடும்பப் படத்தை அசருக்கு எடுப்பதாக ஏற்பாடு. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டுகளில் எந்தத் தட்டுக்கு இறைச்சி குறைந்தது என்ற விசாரணையை ஹனீபா மாமா முடித்துவிட்டு வரும்போது பொழுது விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் போதாது. சாதாரண மனிதன் இரண்டு விளக்கைக் கொண்டுவரச் சொல்லியிருப்பான். நான் முக்காலியை விரித்தேன்.

"எல்லாரும் ஆடாம நில்லுங்க. இருபத்திநாலு படம் எடுக்கப்போறன்."

"என்னத்துக்கு மனே இருபத்திநாலு? ஆள் எட்டுப் பேர்தானே?" என்றார் வாப்பா.

"அடுக்கிறதுக்கு வாப்பா."

அவர் மேலே கேட்கவில்லை. எங்கள் ஆட்களுக்கு வரிசையில் ஆடாமல் நிற்கச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் நின்றார்கள், நிவாரணப் பாய்க்கு நின்றார்கள், தண்ணீர்ப் பவுசருக்கு நின்றார்கள். புது வீட்டுச் சுவருக்கு முன்னால் சிலைபோல நின்றார்கள், ஒருவரைத் தவிர.

மூன்றாவது படத்தில் ஹனீபா மாமா மகனுக்குப் பக்கத்திலிருந்து கழன்றார். "டேய், அந்தச் சட்டிய வழியில வெக்காத!" ஏழாவதில் வந்து என் வாப்பாவின் தோளைப் பிடித்துத் தள்ளினார்: "சம்மந்தி, நீங்க இஞ்சால வாங்க, அங்க குண்டும் குழியும்." பத்தாவதில் எனக்குப் பின்னால் வந்து நின்று, "எல்லாரும் படத்துல விழுறாங்களா?" என்று கேட்டார். "மாமா, நீங்கதான் விழல்ல, போய் நில்லுங்க" என்றேன். போனார். நின்றார். மறுபடி போனார். நானும் விட்டுவிட்டேன். எப்படியும் இருபத்திநாலு படம் இருக்கிறது, அடுக்கினால் சரிவரும் என்ற துணிச்சல்.

அடுத்த வாரம் மூன்றாவது மென்பொருளின் பெரிய பொத்தானை அழுத்தினேன். யா அல்லாஹ், என்ன தெளிவு! ஒரு புள்ளி இல்லை. உம்மாவின் சேலைக் கரையில் நூல் நூலாக எண்ணலாம். இரண்டு நாள் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தேன். எங்கேயாவது புள்ளி இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லா ஆட்களும் இருக்கிறார்களா என்று பார்க்கத் தோன்றவில்லை. டவுனில் கொடுத்துப் பெரிய அளவில் அடித்து, பிரேம் போட்டு, பூப்போட்ட தாளில் சுற்றிக் கொண்டுவந்தேன்.

அஸ்மீர் மச்சான் கட்டாருக்குத் திரும்பும் நாளில் பகல் லுஹருக்குப் பிறகு எங்கள் வீட்டில் விருந்து. மஃரிப் தொழுதவுடன் விமான நிலையத்துக்கு வாடகை வான் வரும். சாப்பிட உட்காரும் முன் நான் தொண்டையைச் செருமி, "மாமாவுக்கு ஒரு பரிசு" என்றேன். றிஸ்மியா தாளைப் பிரித்தாள்.

"மாஷா அல்லாஹ்!" என்றார் உம்மா. "என்ட சேலையப் பாருங்க!"

ஹனீபா மாமா கைகளை உடுத்தியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். கண்ணாடியைப் போட்டார். விரலைப் படத்தின் இடது ஓரத்தில் வைத்து ஒவ்வொருவராக நகர்த்தினார். அவரது மைத்துனர், மைத்துனரின் மனைவி, அஸ்மீர். அதற்குப் பிறகு ஒரு ஆள் அகலத்துக்கு வெள்ளைச் சுவர், அதற்குக் கீழே ஒரு குரோட்டன் சாடி. குரோட்டனில் ஒவ்வொரு இலையும் கண்ணாடிபோலத் தெரிந்தது. அதற்கப்பால் றிஸ்மியா, என் வாப்பா, உம்மா, சாச்சா. விரல் திரும்பி வந்து குரோட்டனில் நின்றது.

"நான் எங்க மனே?"

அந்த நேரத்தில் மயங்கி விழுந்திருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் விளக்கம் சொன்னேன்.

"மாமா, நீங்க ஆடினீங்க. ஆடுற சாமானை அது தேவையில்லாத சாமான் எண்டு நினைச்சி எடுத்துப்போடும்."

"தேவையில்லாத சாமான்" என்று அவர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார். ஹனீபா மாமா மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "என்ட மகன எடுத்தீங்க. அது வழக்கம், அதுக்கு நான் ஒரு கதையும் கதைக்கல்ல. இப்ப என்னையும் எடுத்திட்டீங்க."

செருப்பைப் போட்டார். அஸ்மீர் பின்னால் ஓடினார். "வாப்பா, வானுக்கு வாங்க வாப்பா" என்பது வாசலில் கேட்டது. "ஒன்ட ஆக்கள் இரிக்காங்கதானே, அவங்க அனுப்பட்டும்" என்பதும் கேட்டது.

றிஸ்மியா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கட்டி ஒரு மாதமாகாத கல்யாணம், புருசன் இன்னும் சில மணித்தியாலத்தில் கடல் கடக்கப்போகிறான், அவனை வழியனுப்ப அவனுடைய ஒரே மனிதர் வரமாட்டார். இனி இந்த வீட்டில் அவள் எந்த முகத்தோடு அவருக்குச் சோறு வைப்பாள்? வாப்பாதான் வாயைத் திறந்தார்.

"ஆக்கள் காணாமப்போன கதை இந்த நாட்டுக்குப் போதாதா மனே? நீ வேறயா?"

விருந்துக்கு வைத்த வட்டிலாப்பத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன்.

இருபத்திநாலு படத்தையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒன்றிலாவது அவர் ஒழுங்காக நின்றிருந்தால் அதையே அடித்துக் கொடுத்துவிடலாம். முதல் இரண்டு படத்திலும் குனிந்து செருப்பைத் தேடுகிறார். அடுத்ததில் முதுகு. இன்னொன்றில் திறந்த வாய். ஒன்றில் பாதி உடம்பு படத்துக்கு வெளியே. ஒன்றில் மகனுக்குப் பின்னால் இருக்கிறார், ஆனால் முகம் மைத்துனரின் தலைக்குப் பின்னே மறைந்துவிட்டது. கரையில் பெரிய மீனைக் கண்ட மனிதரைப்போல இருபத்திநாலு படத்திலும் ஓடிக்கொண்டேயிருந்தார்.

வானுக்கு மூன்று மணித்தியாலம் இருந்தது. ஒதுக்கி வைத்த இரண்டாவது மென்பொருளைத் திறந்தேன். நம்பிக்கையோடு திறக்கவில்லை, வேறு வழியில்லை. எங்கே வெளிச்சம் விழுந்ததோ அதை விடாமல் வைத்துக்கொள்ளும் மென்பொருள். மாமா அன்று உடுத்தியிருந்தது வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், வெள்ளைத் தொப்பி.

கணினி யோசித்தது. நடுவே ஒருவர் வந்து அடையாள அட்டையைக் கொப்பி எடுக்கச் சொன்னார். "மறுகா வாங்க" என்றேன். "ஆருக்கும் மவுத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனார், என் முகம் அப்படி.

படம் வந்தது. எட்டுப் பேருக்குப் பதில் பதினெட்டுப் பேர். மாமா மட்டும் பதினொரு பேர்! புகைபோல, சுவர் ஊடாகத் தெரியத் தெரிய, ஒருவர் சட்டியைக் காட்டிக் கத்துகிறார், ஒருவர் வாப்பாவைத் தள்ளுகிறார், ஒருவர் செருப்புத் தேடுகிறார், ஒருவர் உம்மாவின் புகழ்பெற்ற சேலைக்கு மேலாக நடந்துபோகிறார். சிரிப்பு வரவில்லை. இதைக் கொண்டுபோனால் அடி விழும் என்று நன்றாகத் தெரிந்தது. கையில் வேறொன்றும் இல்லாததால் கடைப் பிரின்டரில் ஒரு தாளில் அடித்தேன். மை குறைந்திருந்ததால் எல்லோரும் கொஞ்சம் ஊதா.

கரையில் கவிழ்த்து வைத்த தோணியில் மாமா உட்கார்ந்திருந்தார். (உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள்.) நான் தாளை நீட்டினேன்.

"இதுல நீங்க இரிக்கீங்க மாமா. கொஞ்சம் கூடிட்டு."

அவர் வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். பதினொரு மாமாக்களில் ஒருவரையும் பார்க்கவில்லை என்று பிறகுதான் விளங்கியது. அவரது விரல் அஸ்மீரின் தோளில் போய் நின்றது. மாப்பிள்ளையின் கறுத்தக் கோட்டின்மேல் ஒரு கை, ஐந்து விரலும் தெளிவாக. மகனுக்குப் பின்னால் முகம் மறைந்து நின்ற அந்த ஒரு படத்தில் கோட்டின் கழுத்தைச் சரிசெய்யப் போயிருக்கிறார்.

"இது என்ட கை."

"ஓம் மாமா."

"அவன்ட தோள்ல."

"ஓம் மாமா."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். தோணியிலிருந்து இறங்கி மணலைத் தட்டினார். பிறகு ஊரே கேட்கும்படி கத்தினார்: "என்னத்துக்கு நிக்காய்? வான் வந்திரும்! பெட்டிய ஆரு கட்டின? கயிறு போட்டிரிக்கா? நான் இல்லாட்டி ஒண்டும் ஒழுங்கா நடக்காது!"

வானைப் பின்கதவு முதல் டயர் வரை சோதித்து, சாரதிக்குப் பாதை சொல்லி, மகனைக் கட்டிப்பிடித்து, றிஸ்மியாவின் தலையைத் தடவி, வாப்பாவுக்கு ஸலாம் சொன்னார். எனக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. பிரேமிலிருந்து தெளிவான படத்தைக் கழற்றிவிட்டு, மடிப்பு விழுந்த அந்த ஊதாத் தாளைப் போடச் சொல்லி மறுநாள் ஆள் அனுப்பினார்.

அது இன்றும் றிஸ்மியாவின் வீட்டு மண்டபத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் எண்ணுவார்கள். ஒன்பது என்பார்கள், பத்து என்பார்கள், குரோட்டனுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லி யாராவது சொல்லிக்கொடுப்பார்கள். நான் நட்சத்திரத்தை விட்டுப் பல வருடமாகிறது. ஆனால் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தெரியாத மனிதர்கூட என்னைக் கண்டவுடன் சுவரோடு சாய்ந்து மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள்.

றிஸ்மியாவின் மூத்தவள் மூன்றாம் வகுப்பில் 'எனது குடும்பம்' என்று ஒரு கட்டுரை எழுதினாள். "எனக்குப் பதினொரு மூத்தப்பாமார் இருக்கிறார்கள். எல்லோரும் வெள்ளைச் சட்டை போட்டிருப்பார்கள்" என்று அதில் இருந்தது. (மூத்தப்பா என்றால் வாப்பாவின் வாப்பா.) பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று டீச்சர் பயந்துபோய்ப் பெற்றோரைக் கூப்பிட்டார். அஸ்மீர் கட்டாரில், றிஸ்மியாவுக்குக் காய்ச்சல். ஹனீபா மாமாதான் போனார்.

டீச்சர் கொப்பியைக் காட்டி, "இந்தப் பதினொரு பேர் ஆரு?" என்று கேட்டாராம். மாமா கொப்பியை வாங்கிப் பார்த்தார். பிள்ளையின் தோளில் கையை வைத்தார்.

"நான்தான் டீச்சர். மத்தப் பத்துப் பேருக்கும் வேலை இரிக்கி, வர ஏலாமப் போயிட்டு."